பேலீஃப் பண்ணைவீடு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பேலீஃப் பண்ணைவீட்டில் என்னை மிகவும் கவர்வது அதன் நடுக்கூடம். கூரை வரை திறந்து கிடக்கும் அக்கூடத்தின் தரை நடுவே நெருப்பு எரியும். புகைபோக்கி கிடையாது, சன்னல்களில் கண்ணாடியும் கிடையாது.

ஈரம் காயாத ஓக் மரத்தைச் செதுக்கி, துளையும் அதில் செருகும் கழுந்துமாகப் (மரமுனை) பொருத்தி, மரமுளை அடித்து இறுக்கிய சட்டகமே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. சுவர் என்பது சட்டங்களுக்கிடையே பின்னிய குச்சிகளின் மேல் அப்பிய மண் மட்டுமே. எத்தனை தெளிவான சிந்தனை! அதனால்தான், 1960களின் இறுதியில் நீர்த்தேக்கம் ஒன்றுக்காக வீட்டை அகற்ற நேர்ந்தபோது, தச்சர்கள் கோத்த மரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்த முடிந்தது.