கிளிப் உடைந்த ஹெல்மெட்

மாங்குளம் சந்தியில் பொலிஸார் என் மோட்டார் சைக்கிளை மறித்தார்கள்.

பின்னால் அம்மா. தலையில் ஹெல்மெட் இருந்தது. நாடி வாரின் கிளிப் உடைந்துதான் இரண்டு மாதம்.

லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைத் தந்தார்கள். குற்றம் கையெழுத்தில், சிங்களத்தில். பக்கத்துக் கடை அண்ணைதான் வாசித்துச் சொன்னார்: "ஹெல்மெட் போடேல்லையாம், தம்பி."

போட்டிருந்தாரே!

சரி, கோட்டுக்கே போவோம், நீதவானிடம் சொல்லுவோம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் சீட்டிலுள்ள தொகை. பிந்தினால் 28 நாள் வரை இரட்டிப்பு. அதற்குப் பிறகு வழக்கு.

காசு பெரிதில்லை. கட்டினால் அதில் எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பதுதான் உறுத்தியது. அதுவும் எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு வரியை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. வன்னியில் ஒருவனுக்குக் கொடுக்கும் சீட்டில் அது இருக்க வேண்டாமா?

இரவு அந்த ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். வாரின் இரண்டு நுனிகளையும் அம்மா பழைய சீலைத் துண்டால் முடிந்து வைத்திருந்தார். மெல்ல இழுத்தேன். முடிச்சு கையோடு வந்துவிட்டது.

ஏ9 வீதியில் இரவு பஸ்கள் வரும் வேகம் எனக்குத் தெரியும்.

நாளைக்குக் கட்டப் போகிறேன். தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு கடிதமும் கொடுப்பேன், அது வேறு விஷயம்.

பற்றுச்சீட்டைக் காட்டி லைசென்ஸை எடுத்துக்கொண்டு, அப்படியே புது ஹெல்மெட் வாங்க வேண்டும். அம்மா நீலம் கேட்டிருக்கிறார்.