அடுப்பங்கரை வரைக்கும் வந்த சிகிச்சை

ஓசிடி (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அவற்றை அடக்க ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கவைக்கும் மனநோய்) உள்ள பலருக்கு, சிகிச்சை அறைக்குள் வந்து உட்கார்ந்ததுமே பயம் பாதி அடங்கிவிடும். அவர்களைப் படுத்துகிற கேஸ் அடுப்பும் வாசல் கதவும் வீட்டில் இருக்கின்றன. ‘அழுக்கு’ என்று ஒதுக்கிவைத்த அலமாரியும் அங்கேதான் இருக்கிறது. அறையில் இருப்பது இரண்டு நாற்காலிகளும் ஓர் உளவியலாளரும். ஏதாவது ஆனால் இவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் வேறு. என் அறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் தைரியமாக உட்கார்ந்திருப்பவர், வீட்டுக்குப் போனதும் ஒரு மணி நேரம் குளிப்பார். அடுத்த வாரம் வந்து, “இங்கே முடியுது மேடம், அங்கே முடியலை” என்பார்.

2020-இல் தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, என் வேலையும் வீடியோ அழைப்புக்கு மாறியது. வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான். ஆனால் இன்றைக்கு ஓசிடியோடு வரும் பலருக்கு நானாகவே முதலில் சொல்வது ஆன்லைன் சிகிச்சையைத்தான். பயம் குடியிருக்கும் இடத்துக்கே என்னால் போக முடிகிறது. (இங்கே எழுதுவது எந்தத் தனி ஒருவரின் கதையும் அல்ல. பலரிடம் பார்த்ததைக் கலந்தும், அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன்.)

ஓசிடிக்கான உளவியல் சிகிச்சைகளில் நன்றாக நிரூபிக்கப்பட்டது இஆர்பி. பயமூட்டுவதை வேண்டுமென்றே எதிர்கொள்வது, அப்போது எழும் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இந்த முறையில் இரண்டு பேருக்குச் சிகிச்சை அளித்ததை எழுதினார். கை கழுவுவதை நிறுத்த முடியாத நோயாளியின் அறைக்கு வரும் தண்ணீரையே நிறுத்தி வைத்தார்கள், செவிலியர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். இன்று யாரும் குழாயை அடைப்பதில்லை. கழுவாமல் இருப்பது அவரே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் நிலைக்கும்.

வீடியோவில் இது எப்படி நடக்கிறது? போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைக்கச் சொல்வேன். அவர் அடுப்பை ஒரே ஒரு முறை அணைப்பார். குமிழைத் தடவிப் பார்க்காமல், போட்டோ எடுக்காமல், போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவார். கதவை ஒரு முறை பூட்டி, இழுத்துப் பார்க்காமல் நடப்பார். கிளம்பும் முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: “என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? எவ்வளவு நேரத்துல?” “அரை மணியில வீடு பத்திக்கும்” என்று சொன்னால் அதை எழுதி வைத்துக்கொள்வோம். பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு என்று நடுநடுவே கேட்பேன். அந்த எண் இறங்கும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை என்று முன்பெல்லாம் நினைத்தோம். உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு பார்வை மாறியிருக்கிறது. எண் இறங்காவிட்டாலும் பரவாயில்லை. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று என்பதை மூளை கற்றுக்கொள்வதும், சந்தேகத்தோடே நடமாட முடிகிறது என்று அவருக்கே தெரிவதும்தான் முக்கியம்.

இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமான இடம் அப்புறம்தான் வரும். தெருமுனையில் நின்று, குரல் நடுங்க, “ஒண்ணும் ஆகாதுதானே மேடம்?” என்று கேட்பார்கள். ‘ஆகாது’ என்ற ஒரு சொல் போதும், அவர் முகம் தெளிந்துவிடும். ஆனால் அந்தத் தெளிவு கொஞ்ச நேரம்தான் நிற்கும். பிறகு அதே கேள்வி இன்னும் பலமாகத் திரும்பி வரும். குமிழை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பதும் என் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்குவதும் ஓசிடிக்கு ஒன்றுதான். “இது ஓசிடி கேட்கிற கேள்வி. பதில் தெரியாமலே இன்னும் கொஞ்சம் நடக்கலாமா? நான் கூட வர்றேன்” என்பேன். ஆறுதலைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது எத்தனை வருடமானாலும் பழகவில்லை. பழகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

ஆன்லைன் என்பதால் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. போன் எப்போதும் கையில் இருக்கிறது, என் எண்ணும் அதில் இருக்கிறது. நள்ளிரவில் அடுப்புக் குமிழின் போட்டோ வரும். ‘இந்த அறிகுறி ஓசிடிதானா, வேறு நோயா?’ என்று கேள்வி வரும். அன்பாக ஒரு பதில் போட்டால், சிகிச்சையே இன்னொரு சடங்காகிவிடும். அதனால் செய்திகளைப் பற்றி முதல் அமர்விலேயே பேசி முடிவு செய்துகொள்வோம்: செய்த பயிற்சியைப் பற்றி எழுதலாம், உறுதி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வராது. கோபம் வரும், அதையும் பேசுவோம். வீட்டில் இருப்பவர்களிடமும் இதே பேச்சுதான். அம்மாவோ கணவரோ வருடக்கணக்காக “பூட்டியாச்சு, பூட்டியாச்சு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவருக்காகக் கதவைத் தொட்டுத் திறந்துவிடுவார்கள். பாசத்தால் செய்வதுதான். அதை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் வீடு ரணகளமாகும். ஓசிடி உள்ளவரும் சம்மதித்து, ஒவ்வொன்றாகக் குறைப்போம்.

திரை கொடுக்கும் தூரம் சிலருக்குப் பெரிய உதவி. பிறந்த குழந்தைக்குத் தானே தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்து வாட்டும் தாய்மார்கள் உண்டு. கடவுளைப் பற்றியோ நெருங்கிய உறவுகளைப் பற்றியோ சொல்லக் கூசும் எண்ணங்கள் வருபவர்கள் உண்டு. நேரில் அமர்வு அமர்வாகச் சுற்றி வளைத்தவர்கள், கேமராவை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்ததைக் கேட்டிருக்கிறேன். 1978-இல் உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வில் காட்டினார்கள்: இப்படி வேண்டாத எண்ணங்கள் எந்த நோயும் இல்லாத பெரும்பாலோருக்கும் வருகின்றன. எண்ணம் வருவது நோய் அல்ல. அதற்கு அர்த்தம் கற்பித்து, அதை விரட்ட ஓயாமல் போராடுவதில்தான் ஓசிடி வளர்கிறது. இதைக் கேட்டு அழுதவர்கள் பலர். இதை ஒரு முறை விளக்குவது சிகிச்சை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால், அது மீண்டும் ‘ஒண்ணும் ஆகாதுதானே’ கேள்விதான்.

மற்ற பதற்ற நோய்களைப் பற்றியும் கொஞ்சம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல்), ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி இடம் கொடுத்தது. ஆனாலும் தவிர்ப்பதும் உறுதி கேட்பதும் இரண்டு பக்கமும் உண்டு. பேனிக் (திடீரென்று கிளம்பும் கடும் பயம்) வருபவர்கள் வீட்டிலேயே, மருத்துவர் சம்மதத்தோடு, நின்ற இடத்தில் ஓடி இதயப் படபடப்பை வரவழைத்துப் பழகலாம். கூட்டத்தில் பேசப் பயப்படுபவர்களை, அழைப்பில் தெரியும் தங்கள் முகத்தை மறைத்துவைக்கச் சொல்வேன். அதையே கவனித்துக்கொண்டிருந்தால் பதற்றம் கூடும்.

எல்லோருக்கும் ஆன்லைன் போதும் என்று சொல்ல மாட்டேன். கேமரா முகத்தைக் காட்டும், மேசைக்கடியில் விரல்கள் எண்ணுவதைக் காட்டாது. மனதுக்குள் ஓடும் பிரார்த்தனையும், நடந்ததை ரீவைண்ட் செய்து பார்ப்பதும் நேரிலும் தெரியாது, திரையில் இன்னும் தெரியாது. “இப்போ உள்ளுக்குள்ள என்ன செய்றீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தீவிரத்தை அளக்க வை-பாக்ஸ் என்ற 10 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது, மொத்தம் 40 மதிப்பெண். மதிப்பெண் 30-ஐத் தாண்டி, சாப்பாடும் தூக்கமும் குலைந்து, உயிரை விடும் எண்ணமும் இருந்தால், நேரடி மருத்துவ உதவியோடு மட்டுமே தொடர்வேன். தொடக்கத்திலேயே இருப்பிட முகவரியும், அவசரத்துக்கு அழைக்க நம்பிக்கையான ஒருவரின் எண்ணும் வாங்கிக்கொள்வது இதற்காகத்தான். மருந்து தேவைப்படுபவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். ஓசிடிக்கு எஸ்எஸ்ஆர்ஐ (மூளையின் செரட்டோனின் மீது வேலை செய்யும் ஒரு வகை) மருந்துகள் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவில் தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இது தெரியாமல் மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

வீடியோ கூட இல்லாமல் பலன் கிடைத்திருக்கிறது. ஸ்வீடனில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வாரப் பாடங்களை இணையத்தில் படித்து, சிகிச்சையாளருடன் எழுத்திலேயே தொடர்பு வைத்திருந்தவர்களின் ஓசிடி நன்றாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றவர்களுக்கு, அதே போல இணையத்தில், ஆதரவு மட்டும் தரும் சிகிச்சை கிடைத்தது. அவர்கள் அந்த அளவு முன்னேறவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த ஒப்பீடுதான். ஓசிடிக்கு வாராவாரம் இதமாகப் பேசிக் கேட்பது மட்டும் போதாது, சில சமயம் அதுவே நோயை வளர்க்கும்.

அதனால் ஆன்லைனில் ஒருவரைத் தேடுகிறவர்கள், பணம் கட்டும் முன் அவரிடம் கேளுங்கள்: இஆர்பி-யில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? அமர்வில் நாம் என்னென்ன செய்வோம்? இரண்டு அமர்வுகளுக்கு நடுவே எனக்கு என்ன பயிற்சி? வீட்டில் இருப்பவர்களோடு பேசுவீர்களா? நான் உறுதி கேட்டு நச்சரித்தால் என்ன செய்வீர்கள்? வேலை தெரிந்தவர் இவற்றுக்குச் சங்கடப்பட மாட்டார், நேராகப் பதில் சொல்வார். “எல்லாம் பேசிச் சரிபண்ணிடலாம், கவலைப்படாதீங்க” என்பது மட்டுமே பதிலாக வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.