கோளாறோடு பதிவான இரண்டு ஆல்பங்கள்

கடந்த சில வாரங்களாக, ஓர் ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் கடைசிவரை கேட்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுள் இரண்டு, ஒலிப்பதிவின்போதே ஏதோ ஒன்று கோளாறாகிப் போனவை.

முதலாவது, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'தி கோல்ன் கான்சர்ட்'. 1975 ஜனவரி 24 அன்று, ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கில், அன்றைய ஓபரா முடிந்த பிறகு இரவு பதினொன்றரை மணியளவில் தொடங்கிய தனிப் பியானோ கச்சேரி அது. அவர் கேட்டிருந்த பெரிய பியானோ வரவில்லை. மேடையில் இருந்ததோ சுருதி கலைந்த ஒரு சிறிய பியானோ. அவசரமாகச் சுருதி சேர்த்த பிறகும் அதன் மேல் ஸ்தாயி மெலிந்தும் கீழ் ஸ்தாயி கனமில்லாமலும் ஒலித்தன, பெடல்களும் சரியாக இயங்கவில்லை. அதனால் ஜாரெட் பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே தங்கி, இடது கையால் ஒரு சிறு தொடரை விடாமல் வாசித்து, அந்தப் பியானோவில் இல்லாத கனத்தை அந்தத் திரும்பல்களாலேயே வரவழைக்கிறார். முதல் பகுதியில் இரண்டே கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) பல நிமிடங்கள் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் அலையவிடும் இடத்தை ஹெட்ஃபோனில் கேட்கவேண்டும். அவர் முனகுவதும் காலால் தட்டுவதும் காதருகே கேட்கும். முழுக்க மனோதர்மம்தான், ஆனால் ஆலாபனைக்கு ராகம் போடும் வேலிகூட இதில் கிடையாது. அந்த முனகல் பிடிக்காதவர்கள் உண்டு; எனக்கு அது இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை.

இதற்கு நேரெதிராக, எதையும் தற்செயலுக்கு விடாத ஆல்பம் ஒன்று வேண்டும் என்று தோன்றினால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' பக்கம் போகிறேன். 1986இல் வந்த அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகுக்கும் (Bach) காணிக்கையாக்கியிருக்கிறார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு வளைந்து வந்து, கீழே செல்லோக்கள் நகரும் இசைவில் உறுத்தாமல் பொருந்தும் இடங்களை எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

கோளாறோடு பதிவானவற்றில் இரண்டாவது, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவானது. மார்ச் மாதப் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது இசைத்தட்டின் முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் வேகமாகவும் சுருதி கூடியும் கேட்டன. 1992 முதல் வந்த பதிப்புகளில்தான் இது திருத்தப்பட்டது. இதெல்லாம் தெரியாத நாளில், என்னிடமிருந்த பழைய சிடியோடு சேர்ந்து வாசிக்க முயன்று, முதல் மூன்று பாடல்களில் மட்டும் உரசல் கேட்க, என் கீபோர்டைத்தான் சந்தேகித்தேன். நான்காவது பாடலில் எல்லாம் சேர்ந்துவிட, குழப்பம் இன்னும் கூடியது. கடைசியில் முதல் பக்கத்துக்கென்று கீபோர்டின் சுருதியை ஒரு நூல் ஏற்றிவைத்து வாசித்தேன். இப்போது கேட்பது திருத்திய பதிப்புதான். ஆனாலும் முதல் பாடலில் பால் சேம்பர்ஸின் பேஸ் (கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்) நுழையும் கணத்தில், என் காது அந்த ஒரு நூல் சுருதியை இன்னும் தேடுகிறது.