பூ ஆர்டர் நின்றுபோன கதை: 403 பிழையும் பழைய நான்ஸும்

தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு இணையதளமும், ஆர்டர் எடுக்கச் சின்னதாக ஒரு பிளகினும் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) செய்து கொடுத்திருந்தேன். ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார். "மக்களே, திருவனந்தபுரத்துக்காரங்க ஆர்டர் போட்டா சும்மா சுத்திக்கிட்டே கிடக்காம். என்னன்னு பாரு." கிரேந்தியும் பிச்சியும் வண்டி வண்டியாகக் கேரளாவுக்குப் போகிற நேரம் அது. எனக்குப் பதறிவிட்டது.

நாகர்கோவிலில் என் கணினியில் போட்டுப் பார்த்தால் ஆர்டர் ஒழுங்காகப் போகிறது. அட்மினாக லாகின் செய்திருக்கிறேன் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்ததும் அதே சுற்றல்.

லாகின் செய்யாதவர்களின் கோரிக்கையை என் நிரலோடு இணைக்கும் 'நோபிரிவ்' ஹூக்கை விட்டுவிட்டேனோ என்று முதலில் சந்தேகம். அது இருந்தது. அப்புறம் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, சர்வரோடு நடக்கும் பரிமாற்றங்களைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். ஹூக் இல்லையென்றால் 400 பிழையோடு வெறும் 0 வரும். எனக்கு வந்தது 403 (அனுமதி மறுப்பு), பதிலில் -1. அப்படியென்றால் நான்ஸ் சரிபார்ப்பில்தான் அடிபடுகிறது. நான்ஸ் என்பது, கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கப் பக்கத்துக்குள் வைக்கும் தற்காலிகக் குறியீடு.

நான்ஸுக்கு வேர்ட்பிரஸில் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் ஆயுள். தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று இரண்டு வாரம் முன்பு கேஷ் பிளகின் (ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து அதையே எல்லோருக்கும் அனுப்புவது) போட்டு, பக்கங்களை 7 நாள் வைத்திருக்கும்படி அமைத்திருந்தேன். வாடிக்கையாளருக்குப் போனது முந்தாநாள் பக்கம். அதற்குள் இருந்தது காலாவதியான நான்ஸ். லாகின் செய்தவருக்கு அந்த கேஷ் பக்கம் போகாததால் எனக்கு மட்டும் வேலை செய்தது. கேஷைக் காலி செய்தால் ஒரு நாள் ஓடி மறுநாள் நிற்பதும் இதனால்தான்.

அன்று இரவே ஆர்டர் பக்கத்தை கேஷிலிருந்து விலக்கினேன். ஓணம் முடிந்த பிறகு, பக்கம் திறந்ததும் தனி அஜாக்ஸ் கோரிக்கையில் (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் பின்னணியில் சர்வரிடம் கேட்பது) புது நான்ஸ் வாங்கிக்கொள்ளும்படி பிளகினை மாற்றினேன்.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. கோரிக்கை தோற்றால் என்ன காட்டுவது என்று நான் எழுதவே இல்லை. ஆர்டர் போனதா இல்லையா என்று தெரியாமல் எத்தனை பேர் காத்திருந்தார்களோ! இப்போது தோற்றால், "ஆர்டர் பதிவாகவில்லை, தயவுசெய்து போனில் சொல்லுங்கள்" என்று அண்ணாச்சியின் கடை எண்ணோடு தமிழிலும் மலையாளத்திலும் வரும்.