ஒலியின் வேகம்: 280-லிருந்து 332 வரை

மேல்நிலை முதலாமாண்டு இயற்பியலில் அலைகள் பாடத்தைப் படிப்பவர்கள் பலர், நியூட்டன் வாய்பாட்டையும் லாப்லஸ் திருத்தத்தையும் தனித்தனி வினாக்களாக மனப்பாடம் செய்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமானபோது நான் இரண்டையும் ஒரே வரலாறாக, எண்களைக் கையால் போட்டுப் பார்த்துப் படித்தேன். அந்த முறையையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

0 டிகிரி செல்சியஸில் காற்றின் அழுத்தம் 1.013 × 10⁵ பாஸ்கல். அடர்த்தி கனமீட்டருக்கு 1.293 கிலோகிராம். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், வினாடிக்கு 280 மீட்டர் வரும். 1687-இல் வெளிவந்த பிரின்சிபியாவில் நியூட்டன் காட்டிய வழி இதுதான். ஆனால் 1738-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தார் பீரங்கி வெடித்து அளந்த வேகத்தை 0 டிகிரிக்கு மாற்றிப் பார்த்தால், ஏறத்தாழ 332 வருகிறது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாத இடைவெளி அது. இத்தகைய இடைவெளி இருப்பதை முந்தைய அளவீடுகளிலிருந்தே அறிந்திருந்த நியூட்டன், காற்றுத் துகள்களின் பருமன், காற்றில் கலந்துள்ள நீராவி ஆகியவற்றைக் காரணம் காட்டி அதைச் சரிக்கட்ட முயன்றிருந்தார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை.

1816-இல் லாப்லஸ் கண்டு சொன்ன காரணத்தைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒலி அலை செல்லும்போது காற்று அழுந்தும் (நெருக்கம்) இடத்தில் அது சற்றே சூடாகிறது, விரியும் (நெகிழ்வு) இடத்தில் குளிர்கிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலியில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் தொலைவு இருக்க, நெருக்கம் நெகிழ்வாக மாறுவதற்கு ஆயிரத்தில் ஒரு வினாடியே ஆகிறது. வெப்பத்தை அரிதாகக் கடத்தும் காற்றில், அந்நேரத்துக்குள் வெப்பம் அவ்வளவு தொலைவைக் கடக்க வழியே இல்லை. ஆகவே இது வெப்பநிலை மாறா நிகழ்வன்று, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. எனவே, அழுத்தப்படுவதைக் காற்று எதிர்க்கும் அளவான பருமக் குணகம், நியூட்டன் கொண்டதுபோல் அழுத்தம் P அன்று, γP. γ என்பது மாறா அழுத்தத்திலும் மாறாப் பருமனிலும் உள்ள தன் வெப்ப ஏற்புத்திறன்களின் தகவு. காற்றுக்கு γ 1.4 என்பதால், 280-ஐ அதன் வர்க்கமூலமான 1.183-ஆல் பெருக்கினால் 331 கிடைக்கிறது. இந்தப் பெருக்கலை ஒருமுறை தானே செய்தவர் திருத்தத்தின் காரணத்தை மறக்கமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

இதிலிருந்து பல வினாக்களுக்கு விடை தானாக வரும். வெப்பநிலை மாறாமல் அழுத்தத்தை இரட்டித்தால் அடர்த்தியும் இரட்டிக்கும். எனவே வேகம் மாறாது. வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், 0 டிகிரியில் உள்ள வேகம் இருமடங்காக வேண்டுமெனில் கெல்வின் வெப்பநிலை நான்கு மடங்காக, அதாவது 819 டிகிரி செல்சியஸாக வேண்டும். ஈரக்காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே அதில் ஒலி சற்று விரைந்து செல்லும்.

நீரில் ஒலி வேகமாகச் செல்வதற்கு அடர்த்தி மிகுதியே காரணம் என்று எழுதுவது மதிப்பெண்ணை இழக்கும் வழி. 1826-இல் கொல்லடோன், ஸ்டர்ம் என்ற அறிவியலாளர்கள் ஜெனீவா ஏரியில், நீருக்குள் மணி அடித்த அதே கணத்தில் கரிமருந்தைக் கொளுத்தி, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தொலைவிலிருந்து அளந்தார்கள். 8 டிகிரி நீரில் கிடைத்த வேகம் வினாடிக்கு 1,435 மீட்டர். நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 770 மடங்கு என்றாலும், பருமக் குணகம் ஏறத்தாழ 15,000 மடங்கு. குணகத்தின் மடங்கை அடர்த்தியின் மடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், வேகம் காற்றில் உள்ளதைவிட நான்கு மடங்குக்குச் சற்று மேலே வரும். விடைத்தாளில் இந்த இரண்டு மடங்குகளையும் சேர்த்தே எழுதுங்கள்.