திங்கள் பூட்டு, வெள்ளி பூட்டு: சென்னைக் கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 2, ஞாயிறு

சென்னைக்கு வருகிறவர்கள் "எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். "எத்தனை மணிக்குப் போகலாம்?" என்று கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம். கடல் கிழக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கச் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பி, கட்டடங்களுக்குப் பின்னால் போய் விழுகிறது. மெரினாவில் மாலையில் நின்றுகொண்டு அஸ்தமனத்தைத் தேடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

இந்த வாரம் உதயம் ஆறரையை ஒட்டி. ஆறு மணிக்கே உழைப்பாளர் சிலை பக்கம் இறங்கிவிடுவது நல்லது. சாலையிலிருந்து அலை வரை ஏறக்குறைய 300 மீட்டர் மணல். செருப்போடு நடந்தால் கால் புதையும், கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மணலில் நடக்க முடியாதவர்களுக்கு விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் போட்ட மரப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலி தண்ணீர்ப் பக்கம் வரை போகும்.

இவ்வளவு மணல் ஆதியில் இங்கே கிடையாது. கரையோர நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

குளிக்க இறங்க வேண்டாம். மெரினாவில் குளிக்கத் தடை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. நாலு அடி வைத்தால் ஆழம் சட்டென்று கூடும். திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். கணுக்கால் நனைய நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எனவே திங்களைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்தான் தலைமைச் செயலகம், ஆகவே வாசலில் சோதனை நடக்கும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பெரிய மூட்டை வேண்டாம். சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி இன்னும் அதிகம். உள்ளே முதலில் புனித மேரி தேவாலயம். 1680இல் திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையைத் தடித்த வளைவாகக் கட்டியிருக்கிறார்கள்; உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கோயிலைவிடக் கிடங்கு ஞாபகம்தான் வரும். பிறகு அருங்காட்சியகம். அதற்கு வெள்ளி விடுமுறை.

மாலையில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, அந்தப் பூண்டு பொரிந்த எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைவார்கள். மேலே பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். தட்டையைப் போல மொறுமொறுப்பான பொரியல் அது. ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் பேஜோ ஊறிக் கூழாகிவிடும், எனவே தட்டு கைக்கு வந்ததும் சாப்பிடுங்கள். கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள். காரம் தாங்காதவர்கள் பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கலங்கரை விளக்கம் திறந்திருக்கும். மெரினாவின் தென்கோடியில், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட முக்கோணக் கோபுரம். 1977லிருந்து எரிகிறது, பாதுகாப்புக் காரணமாக நெடுங்காலம் மூடியிருந்து 2013 நவம்பரில் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது. மேலே போக லிஃப்ட் உண்டு. ஒரு தடவைக்குச் சிலரைத்தான் ஏற்றும், அதனால் கீழே வரிசை நகராது. மதியம் இடைவேளை விடுவார்கள். பன்னிரண்டரைக்கு வந்து நிற்பது வீண். காலையில் கடல் பக்கம் கண் கூசும், பிற்பகலில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நகரமும் கரையும் சேர்ந்து படத்தில் விழ மூன்று மணிக்கு மேல் ஏறுங்கள். மேலே காற்று பலம், தொப்பி நிற்காது.

ஒரு எச்சரிக்கை. பறக்கும் ரயிலில் "லைட் ஹவுஸ்" என்ற பெயரை நம்பி இறங்கினால், அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வெயிலில் அது இரண்டு கிலோமீட்டர். காந்தி சிலை அருகே மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருப்பதால் ஆட்டோவும் சுற்றித்தான் வரும்.

இறங்கியதும் சுண்டல். பட்டாணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோல் வெடித்தும் குழையாமல் வேகவைத்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும், ஆனால் பொட்டலத்துக்குள் உருண்டை உருண்டையாக நிற்க வேண்டும். மாங்காய்த் துண்டு பல்லில் கடிபட வேண்டும். தேங்காயைச் சீவலாகப் போடுகிறவரும் உண்டு, துருவிப் போடுகிறவரும் உண்டு. மாலை ஐந்து மணிச் சுண்டலுக்கும் ஒன்பது மணிச் சுண்டலுக்கும் உள்ள வித்தியாசம் தேங்காயில் தெரிந்துவிடும்: லேசாகப் புளித்த வாடை வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 5, புதன்

திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலுக்கு ஸ்டேஷன் பக்கம்தான். பெருமாளுக்கு மீசை உண்டு, தேரோட்டியாக நின்ற கோலம். கோயில் மதியம் நடை சாத்திவிடும். காலையில் போய்ப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு மதியச் சாப்பாடு முடிந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. ஆகவே வியாழனே போய்விட வேண்டும். எழும்பூர் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். இது 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம். கட்டடங்கள் பல, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். வெண்கலக் கூடத்துக்கு நேரே போங்கள், ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மீதி நேரம் அமராவதிச் சிற்பங்களுக்கு.

திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்று கைகளை எண்ணிப் பாருங்கள். மூன்று. சிவன் பாதிக்கு இரண்டு, அம்மை பாதிக்கு ஒன்று. வலது தோள் அகலம், இடது இடுப்பு ஒசிந்து வெளியே வருகிறது. நடுவில் கோடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் நின்று பாருங்கள். ஒரே சிலையைப் பார்க்கிறோமா என்று சந்தேகம் வரும். திருவாலங்காட்டு நடராஜரும் இங்கேதான். கண்ணாடியில் விளக்கு பட்டுத் தெறிக்கும் இடங்களில் படம் எடுக்க வரவே வராது, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பெசன்ட் நகர். சிறிய கடற்கரை, சாப்பாட்டுக் கடைகள் நெருக்கம். கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் கடலில் மூழ்கிப்போன டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட் நினைவாகக் கட்டியது. அதைப் பார்த்த பிறகும் நீந்த இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வடக்கே அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலம். மீனவர்களுக்காக 1967இல் கட்டி, பத்தே வருஷத்தில் ஆறு அடித்துக்கொண்டு போனது. காலையில் பறவை பார்க்கலாம். இருட்டிய பிறகு வேண்டாம். கைப்பிடி கிடையாது, வெளிச்சமும் கிடையாது.

இரவில்தான் இந்தக் கரையின் நல்ல காட்சி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். வார இறுதி இரவுகளில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக் கூடாது. ஆமை கடலை விட்டு மணலில் ஏறிய தடம் டிராக்டர் டயர் தடத்தைப் போல இருக்கும். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை. நாய் தோண்டுமுன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். பொரிய ஏறக்குறைய 45 நாளிலிருந்து 55 நாள். தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நினைத்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஊரும், அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆமை கட்டாயம் வரும் என்று எண்ணிப் போகாதீர்கள். இழுவலையில் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கியதைத்தான் பல இரவுகளில் பார்க்க நேரும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மயிலாப்பூரில் மூன்று நாள் தெப்பம். லஸ் பக்கம் மெட்ரோ தடுப்புகள்; வண்டியை மறந்துவிட்டுத் திருமயிலை ஸ்டேஷனிலிருந்து நடங்கள். கபாலீஸ்வரர் மேற்கு பார்த்தவர், குளமும் மேற்கேதான். 37 மீட்டர் ராஜகோபுரம் கிழக்கு வாசலில். கோபுரத்தைப் படமெடுக்கக் காலை, குளத்துக்கு மாலை. நடுவில் நடை சாத்தியிருக்கும் நேரத்துக்கு மாட வீதிப் பாத்திரக் கடைகள் இருக்கின்றன.

தெப்பம் இருட்டிய பிறகுதான் கிளம்பும். ஆறு மணிக்கே இடம் பிடியுங்கள். குளத்து மூலைகளில் தெப்பம் திரும்பும்போது வேகம் குறைந்து விளக்குகள் தண்ணீரில் கலையாமல் நிற்கும். படத்துக்கு அந்த இடம் நல்லது. கயிறு பிடித்து இழுத்து வருகிறவர்கள் கரையோரமாகவே வருவார்கள், காலடியில் கயிறு ஈரமாகத் தரையை உரசிக்கொண்டு போகும். ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.