சீட்டு எழுதிய பிறகு

குடும்ப மருத்துவத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். கல்லூரி அப்படித்தான் பழக்குகிறது. கிளினிக்கில் தடுமாற்றம் வருவதோ அதற்கு அடுத்த கட்டத்தில்: எழுதிய மருந்து அந்த ஆளின் அன்றாடத்துக்குள் எப்படிப் பொருந்தும், பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதில்.

சேலத்தில் இரவு ஷிப்ட்டில் தறி ஓட்டுகிறவருக்குக் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘காலை டிபனுக்கு முன் ஒன்று’ என்று எழுதினால், காலையில் வீடு திரும்பியதும் மாத்திரையைப் போட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். சர்க்கரை இறங்குவது தூக்கத்தில் தெரியாது. ஷிப்ட் எது, வயிறாரச் சாப்பிடும் நேரம் எது என்று கேட்ட பிறகே மாத்திரைக்கு நேரம் குறிக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பது, ஏறியதும் சாப்பிடுவது. இதை வீட்டில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்து. வயதானவர், கிரியாட்டினின் ஏறியவர் (சிறுநீரகம் தளர்ந்தவர்) என்றால் குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்ததும் அனுப்பிவிடக் கூடாது. மாத்திரை உடம்பில் இன்னும் இருக்கிறது. சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது படுக்கவைத்துப் பார்ப்பதே சரி.

குழந்தைக் காய்ச்சலில் தப்பு நடப்பது பெரும்பாலும் மில்லியில். 10 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு 150 மி.கி. கடையில் கிடைக்கும் சிரப்போ ஒரே விதம் அல்ல. 5 மில்லியில் 125 மி.கி. உள்ளதில் 6 மில்லி, 250 மி.கி. உள்ளதில் 3 மில்லி. சீட்டில் மில்லியை மட்டும் எழுதுவது ஆபத்து. டெங்கு காலத்தில் இன்னொன்று: காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. விடாத வாந்தி, வயிற்றுவலி, ரத்தக்கசிவு, சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வரச் சொல்ல வேண்டும். ‘ஒரு ஊசி போட்டு விடுங்க சார்’ என்பதற்கு இணங்கி டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியைப் போடுவது ரத்தக்கசிவை வலிய வரவழைப்பது.

ஏற்காட்டில் கணக்கே வேறு. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்பது அங்கே காலம் கடத்துவது. ‘வாயுப் பிடிப்பு’ என்று வியர்த்து வரும் சர்க்கரை நோயாளிக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருப்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சந்தேகம் வலுத்தால் அலர்ஜியும் ரத்தக்கசிவும் இல்லை என்று உறுதி செய்து, ஆஸ்பிரின் 325 மி.கி. மென்று விழுங்கக் கொடுக்க வேண்டும். 108ஐ அப்போதே கூப்பிட வேண்டும். அடுத்த ஈசிஜியை வண்டி வரும் இடைவெளியில் எடுத்துக்கொள்ளலாம். நோயாளியோடு அனுப்பும் சீட்டில் வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், பிரஷர் நான்கும் இருக்க வேண்டும். ஈசிஜி தாளை அதோடு பின் அடித்து, போனிலும் ஒரு படம் எடுத்து அனுப்புவது நல்லது. அந்தத் தாள் சூட்டில் கறுத்துப்போகும்.